குப்பம்மாவின் மாவுக்கட்டும் இரண்டு கட்சிகளும்

ஆயிரம் ஓட்டில் தோற்றவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். பதினோரு ஓட்டில் தோற்றவன்தான் ஆபத்து. அவன் தோற்றதாக ஒத்துக்கொள்ளவே மாட்டான். யாரோ தோற்கடித்துவிட்டதாகச் சொல்லி, ஷாமியானாவுக்கு ஆள் அனுப்புவான்.

திருமுல்லைவாயிலில் உலகநாதன் குடியிருந்த தெருவுக்கு இந்த ஆபத்து வார்டு தேர்தல் முடிவு வந்த மறுநாளே வந்து சேர்ந்தது. ஊஞ்சல் சின்னத்தில் நின்றவர் பதினோரு ஓட்டில் தோற்றார். மண்வெட்டி சின்னத்தில் நின்றவர் ஜெயித்தார். இரண்டு பேரும் அந்தத் தெருவுக்குள் வந்தது ஒரே ஒரு தடவை, ஓட்டுக் கேட்க. ஆனால் அவர்களுக்காகச் சண்டை போடத் தெருவிலேயே ஆள் இருந்தது. ஊஞ்சலுக்கு டில்லிபாபு, மண்வெட்டிக்கு இளங்கோ. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், ஒரே கம்பெனியில் லேத் ஓட்டியவர்கள். இப்போது ஒருவன் வரும் பக்கம் மற்றவன் எச்சில் துப்புவதோடு சரி.

டில்லிபாபு தெருவின் மெயின் ரோடு முனையில் ஷாமியானா போட்டான். 'மறு எண்ணிக்கை வேண்டும், தொடர் முழக்கப் போராட்டம்.' இளங்கோ ஸ்டேஷன் பக்கத்து முனையில் மேடை போட்டான். 'நன்றி அறிவிப்புப் பொதுக்கூட்டம்.' போராட்டத்துக்கு முடிவு தேதி கிடையாது. நன்றி சொல்ல வேண்டிய கவுன்சிலர் தேதி கொடுக்கவில்லை. ஆக இரண்டும் நின்றன. டூவீலர் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நுழைந்து போகும். ஆட்டோ போகாது. தெரு இரண்டு பக்கமும் கட்டிய மூட்டை மாதிரி ஆனது. மூட்டைக்கு நடுவில் பதினாலாம் நம்பர் வீடு. அதில் உலகநாதன், அவர் சம்சாரம் குப்பம்மா, அவள் காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

மாவுக்கட்டு விஷயம் ஏற்கெனவே தெருவில் சிரிப்பாய்ச் சிரித்துப் போயிருந்தது. குப்பம்மா உண்மையாகவே பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். சொன்னால் நம்ப ஆளில்லை. "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தான்னு போலீஸ்காரன் சொன்னா சரி. நீ சொன்னா எப்புடிக்கா?" என்று எதிர்வீட்டு ஷோபனாவே கேட்டாள். கட்டுப் போட்டு ஆறு வாரம். உள்ளே அரிப்பு. தோசைக் கரண்டியின் காம்பை விட்டுச் சொறிந்துகொள்வாள். அதனால் அந்த வீட்டில் ஆறு வாரமாகத் தோசை கிடையாது. ஆவடியில் எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் உட்காருவார். இந்த வெள்ளியை விட்டால் ஒரு மாதம் லீவு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்.

"இன்னொரு மாசம் இத்த சுமந்துகினு கெடந்தேன்னா, நானே சுத்தியால ஒடச்சிக்குவேன்," என்றாள் குப்பம்மா. சொன்னால் செய்யக்கூடியவள்.

உலகநாதன் மூன்றாவது வரை படித்தவர். அதற்குமேல் படித்ததை நம்ப மாட்டார். பேப்பரில் வந்தால் பொய், டிவியில் வந்தால் காசு கொடுத்துச் சொன்ன பொய், வாட்ஸப்பில் வந்தால் சும்மா சொன்ன பொய் என்பது அவர் கணக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்துமூன்று வருஷம் இரும்பு வார்த்தவர். அந்தச் சூட்டில் நாக்கும் கொஞ்சம் காய்ந்து போயிருந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதைக் குப்பம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதனால் இரண்டு கட்சியும் அவரைத்தான் சந்தேகப்பட்டது. பதினோரு ஓட்டில் அவர் ஓட்டு எந்தப் பக்கம் போனது என்று டில்லிபாபு விரல் விட்டு எண்ணிப் பார்த்ததாகக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை அவர் ஷாமியானாவுக்குப் போனார்.

"டில்லி, வெள்ளிக்கெழம காலைல அரை மணி நேரம் இத்த அவுத்து வெய்யி. ஆட்டோ உள்ள வரணும்."

"நைனா, உனக்கு இல்லாததா? அவன் மேடையக் கழட்டச் சொல்லு. கழட்டின அடுத்த நிமிஷம் நான் அவுக்குறேன். மொதல்ல நான் அவுத்தா 'பயந்துட்டான்'னு ஸ்டேட்டஸ் போடுவான்."

ஸ்டேஷன் முனைக்குப் போனார். இளங்கோ மேடையில் சேர் போட்டு, காலியான தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்சவன் எதுக்குங்க மொதல்ல எடுக்கணும்? தோத்தவன் எடுக்கட்டும். எடுத்தா மரியாதையா நானும் எடுக்கிறேன்."

"ரெண்டு பேரும் மரியாதைய தெருவுல கட்டி வெச்சிகினு கீறீங்கடா," என்று சொல்லிவிட்டு உலகநாதன் வந்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் நலச் சங்கத்தில் கூட்டம் என்று தாக்கல் வந்தது. சங்கத் தலைவர் நாகேந்திரன். இந்தத் தெரு வயலாக இருந்தபோது அது நாகேந்திரனின் அப்பாவுடையது. அதில் நாற்று நட்டவர் உலகநாதனின் அப்பா. வயல் மனையாகி, மனை வீடாகி, நாகேந்திரன் தலைவராகிவிட்டார். எதுவாக ஆனாலும் அவர் தலைவராகத்தான் ஆவார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஹாலில், வெள்ளை போர்டில் 'மாற்றுக் கருத்தை மதிப்போம்' என்று எழுதியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மருமகன் அனுப்பிய மூன்று விதிகளை நாகேந்திரன் படித்தார். ஒன்று, யாரையும் 'மதிப்பிற்குரிய' என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டு, பதில் சொல்வதற்கு முன்னால் எதிர்த் தரப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மூன்று, ஒருவர் பேசும்போது இன்னொருவர் நடுவில் பேசக்கூடாது. தன் முறை வரும்வரை மௌனம்.

டில்லிபாபு எழுந்தான். "மதிப்பிற்குரிய இளங்கோ அவர்கள் நல்லா வேலை செய்யிறவரு. பூத்துல அவரு செஞ்ச வேலையத்தான் மறுபடி எண்ணணும்னு நாங்க கேக்குறோம்."

இளங்கோ எழுந்தான். "மதிப்பிற்குரிய டில்லிபாபு அவர்கள் குரல்வளம் மிக்கவர். ஆறு நாளா அந்தக் குரலால நாங்க யாரும் தூங்கல."

நாகேந்திரனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "இதான் வேணும். எவ்வளவு நாகரிகமா இருக்கு பாருங்க." கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். இப்படியே ஒன்றரை மணி நேரம் ஒருவரை ஒருவர் மதித்துக்கொண்டார்கள். உலகநாதன் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. வலி எடுத்ததும் மற்றக் கையைத் தூக்கினார்.

கடைசியில், "மதிப்பிற்குரிய உலகநாதன் அவர்கள்," என்றார் நாகேந்திரன். எழுபத்தொரு வருஷத்தில் இப்படி யாரும் கூப்பிட்டதில்லை. யாரைச் சொல்கிறார் என்று உலகநாதன் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

"தெருவ அடச்சி வெச்சிகினு மரியாதையா பேசினா இன்னா, அசிங்கமா பேசினா இன்னா? என் ஊட்டுக்காரிக்கு வெள்ளிக்கெழம..."

"விதி இரண்டு," என்றார் நாகேந்திரன். "முதல்ல ஒரு நல்ல வார்த்தை."

உலகநாதன் யோசித்தார். மனசறிந்து பொய் சொல்ல அவருக்கு வராது. "ரெண்டு பேரும் சாப்புட்ட தட்ட கழுவி வெக்கிறானுங்க. ரெண்டு முனையிலயும் பாத்தேன்," என்றார்.

"அது அரசியல் கருத்து இல்லையே. உக்காருங்க, அடுத்த சுத்துல பேசலாம்."

அடுத்த சுற்று வரவில்லை. இரண்டு தடுப்புகளையும் ஒரே நேரத்தில் எடுப்பது பற்றி ஆராய ஏழு பேர் கொண்ட குழு, ஏகமனதாக அமைக்கப்பட்டது. குழு ஞாயிற்றுக்கிழமை கூடும். மிக்சரும் டீயும் வந்தன.

"இன்னாயா ஆச்சி?" என்று கேட்டாள் குப்பம்மா.

"ஒருத்தன ஒருத்தன் மதிச்சிகினானுங்க."

"ஆட்டோ வருமா?"

"ஞாயித்துக்கெழம யோசிப்பானுங்க."

குப்பம்மா தோசைக் கரண்டியைத் தேடினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உலகநாதன் அப்துல் ரசாக்கின் கோடவுனுக்கு நடந்தார். ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், மேடைப் பலகை, கல்யாணத்துக்கு வாழைமரம், சாவுக்குக் குளிர்பெட்டி, எல்லாம் ரசாக்கிடம்தான் வாடகைக்கு. ஊஞ்சலின் ஷாமியானாவும் அவருடையது, மண்வெட்டியின் மேடையும் அவருடையது. எட்டு நாளாக இரண்டும் திரும்பி வராமல், மறுநாள் பட்டாபிராம் கல்யாணத்துக்கு என்ன செய்வது என்று அவர் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"பாய், ஒரு ஸ்ட்ரெச்சர் வேணும். அவள மெயின் ரோடு வரிக்கும் தூக்கினு போவணும். ஆட்டோக்காரன் தமிழரசு அங்க நிக்கிறேன்னு சொல்லிகிறான்."

"எங்கிட்ட ஒண்ணுதான் கீது அண்ணாத்தே. குளிர்பெட்டியோட வரும் பாரு, அது." ரசாக் தயங்கினார். ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டில் 'இறுதிப் பயண சேவை' என்று கறுப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது.

"எழுத்தா தூக்கப் போவுது? குடு," என்றார் உலகநாதன்.

அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெரு முனைக்கு வந்தார். ஷாமியானாவுக்கு உள்ளே டில்லிபாபு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உலகநாதன் அவனைப் பார்க்கவில்லை. புதன்கிழமையோடு இவன்களிடம் பேச்சு கிடையாது என்று முடிவு செய்திருந்தார். முகத்தை எப்போதும்போல வைத்துக்கொண்டு நடந்தார். அவருடைய முகம் எப்போதுமே எழவு வீட்டு முகம்தான்.

டில்லிபாபு பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். தோளில் இருந்த எழுத்தைப் படித்தான். எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினான். எட்டு நாளில் முதல் தடவையாகத் தெருவில் காக்கா சத்தம் கேட்டது.

யார், என்ன என்று அவன் கேட்கவில்லை. சாவுக்குச் சாமான் எடுத்துக்கொண்டு போகிறவனைத் தடுத்து நிறுத்திக் கேட்பது அந்தப் பக்கத்தில் வழக்கம் இல்லை. முதலில் போய் நிற்பதுதான் வழக்கம். அதிலும் கட்சிக்காரனுக்கு, முதல் மாலை யாருடையது என்பது பெரிய விஷயம்.

"ஷாமியானாவ அவுருங்கடா," என்றான். "பதினாலாம் நம்பர் வாசல்ல கட்டணும். குப்பம்மா பெரிம்மா போய்ட்டாங்க. அவன் வர்றதுக்குள்ள நாம நிக்கணும்."

யார் முதலில் அவிழ்ப்பது என்று ஏழு பேர் குழு ஆராய வேண்டிய ஷாமியானா பத்து நிமிஷத்தில் அவிழ்ந்தது.

செய்தி ஸ்டேஷன் முனைக்குப் போனது. இளங்கோ மேடையிலிருந்து குதித்தான். "டில்லி ஷாமியானாவே கொண்டு போயிட்டானா? வண்டி இந்தப் பக்கமாத்தான்டா சுடுகாட்டுக்குப் போகணும். பிரிங்க மேடைய. ரசாக் பாய்க்கு போன் போடு. அப்படியே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் சொல்லு, பத்துக்கு எட்டு."

ரசாக் வண்டியோடு வந்தார். மேடைப் பலகை தானாகக் கழன்று வண்டியில் ஏறுவதைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். வாயைத் திறந்தார், மூடினார். பட்டாபிராம் கல்யாணம் அவர் கண் முன்னால் நின்றது. சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னாலில்லாஹி"யைச் சொன்னால் பொய்யாகிவிடும் என்பதால் தலையை மட்டும் ஆட்டினார். அது எதற்கு வேண்டுமானாலும் ஆடிய தலையாக இருக்கலாம்.

உலகநாதன் ஸ்ட்ரெச்சரை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஷோபனா குப்பம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, தண்ணீர் படாமல் குளிப்பாட்ட முக்கால் மணி நேரமாகும். கதவு சாத்தியிருந்தது. முதலில் நான்கு பேர் ஷாமியானாத் துணியோடு வந்து கயிறு கட்ட ஆரம்பித்ததும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சேர்கள் வந்தன. பிறகு டில்லிபாபு ரோஜா மாலையோடு வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெகிரியமா இரு நைனா," என்றான். அப்போது புரிந்தது.

"அடப்பாவி" என்று சொல்ல வாயெடுத்தார். அதே நேரம் தெருவின் அந்தப் பக்கம் பார்த்தார். மெயின் ரோடு தெரிந்தது. எட்டு நாளாகத் தெரியாத மெயின் ரோடு. இந்தப் பக்கம் பார்த்தார். மேடையைக் காணோம். மணி எட்டேகால்.

ஜென்மத்தில் முதல் தடவையாக உலகநாதன் வாய்க்கு வந்ததை முழுங்கினார்.

தமிழரசுவுக்குப் போன் போட்டு, "தெருவுக்குள்ளவே வா, ஊட்டு வாசலுக்கு," என்று மட்டும் சொன்னார். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே துக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது.

நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "குளிப்பாட்டுறாங்க," என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு குரலைத் தணித்தார்கள். டில்லிபாபுவும் இளங்கோவும் காலியாக மிச்சமிருந்த இரண்டு சேரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. இழவு வீட்டில் எழுந்து போகவும் முடியாது.

"அவங்க எங்க கட்சி," என்றான் டில்லிபாபு மெதுவாக. "எங்க ஹாட்பாக்ஸ்லதான் சோறு வெப்பாங்க."

"எங்க பொடவையத்தான் கட்டுவாங்க," என்றான் இளங்கோ.

பிறகு இளங்கோ கேட்டான். "கோச்சிக்காம சொல்லு மச்சான். நெஜமாவே எண்ணினதுல தப்பு நடந்துச்சுன்னு நெனைக்கிறியா?"

"எனக்கு இன்னா தெரியும்? எண்ணுற எடத்துக்கு உள்ளவே நான் போவல, பாஸ் கெடைக்கல. போராட்டத்துல உக்காருனாங்க, உக்காந்தேன்." டில்லிபாபு மாலையிலிருந்து ஒரு இதழைப் பிய்த்தான். "எங்காளு நாலு நாளா பந்தல் பக்கமே வரல. போன் போட்டா, கொடைக்கானல்ல கீறாருன்றான்."

"எங்காளு மட்டும்? ஜெயிச்ச அன்னைக்கு என் போன எடுத்தாரு. அதோட சரி. நன்றி சொல்லத் தேதி கேட்டு எட்டு நாளா அலையிறேன்." இளங்கோ குரலை இன்னும் தணித்தான். "பதினோரு ஓட்டுன்னா மறுபடி எண்ணச் சொல்றது நியாயம்தான். நானா இருந்தாலும் கேப்பேன்."

"நீ மேடை போட்டதும் நியாயம்தான் மச்சான். ஜெயிச்சா போடத்தான் செய்வாங்க. ஆனா தெருவுல போட்டிருக்கக் கூடாது."

"நீயும் போட்டிருக்கக் கூடாது."

"ஆமா," என்றான் டில்லிபாபு.

பின்வரிசையில் நாகேந்திரன் பக்கத்தில் இருந்தவரைத் தட்டினார். "பார்த்தீங்களா? எல்லாம் புதன்கிழமை கூட்டத்தோட பலன்."

ஸ்டூலில் இருந்த உலகநாதன் அத்தனையையும் கேட்டார். இந்த இரண்டு வாயிலிருந்து ஒரு உண்மை வருவதற்கு ஒரு பொணம் வேண்டியிருக்கிறது, அதுவும் கூடக் கிடைக்கவில்லை, கடன் வாங்கிய ஸ்ட்ரெச்சர்தான் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அழுவட்டும், உடுங்க," என்றாள் ஒரு கிழவி.

ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அதே நேரம் கதவு திறந்தது.

ஷோபனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குப்பம்மா நின்றாள். முகத்தில் பவுடர், தலையில் மல்லிகை, மாவுக்கட்டு ஒரு பக்கம் நீட்டியிருந்தது. ஷாமியானாவைப் பார்த்தாள். சேர்களைப் பார்த்தாள். மாலையோடு எழுந்து நிற்கிற இரண்டு பேரைப் பார்த்தாள்.

"இன்னாயா," என்றாள். "யாரு செத்துட்டா?"

நாகேந்திரன் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்தார்.

"நைனா, உயிரோடதானே கீறாங்க," என்றான் டில்லிபாபு. அவன் குரலில் இருந்தது சந்தோஷமில்லை.

"இருக்கக் கூடாதா?" என்றார் உலகநாதன்.

"ஒரு வார்த்தை சொல்ல வேணாமாங்க?" இளங்கோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பேனருக்கெல்லாம் சொல்லிட்டோம்."

"ஒருத்தர் பேசறப்போ நடுவுல பேசக் கூடாதுன்னு ரூல் போட்டீங்களே. நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ மரியாதையா பேசினு இருந்தீங்க. என் மொறை வரட்டும்னு இருந்தேன்." உலகநாதன் எழுந்தார். "இப்ப அவள ஏத்து. டாக்டரு பத்து மணிக்கு."

பழக்க தோஷம், டில்லிபாபுவும் இளங்கோவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குப்பம்மாவை ஆட்டோவில் ஏற்றினார்கள். எண்பது கிலோ. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆட்டோ மெயின் ரோடு ஏறும்போது குப்பம்மா திரும்பிப் பார்த்து, "அந்த மாலைய ஏன் வீணாக்குறானுங்க, வாங்கினு வந்திருக்கலாமே," என்றாள்.

மத்தியானம் கட்டுப் பிரித்து, வாக்கர் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தெரு முனைகள் இரண்டும் காலியாகத்தான் இருந்தன. ரசாக் ஒரு கயிறுகூட விட்டு வைக்கவில்லை. ஆனால் பதினாலாம் நம்பர் கேட்டுக்கு முன்னால் வெறும் தரையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊஞ்சலும் மண்வெட்டியும் கலந்து உட்கார்ந்திருந்தது. இந்த வார்டு பார்த்திராத காட்சி. 'பொய்ச்சாவு காட்டி மக்களை ஏமாற்றிய உலகநாதன் மன்னிப்புக் கேட்க வேண்டும்.' டில்லிபாபு கோஷம் போட, இளங்கோ பின்பாட்டுப் பாடினான். நாகேந்திரன் தலைமை. காம்பவுண்டுச் சுவரில் காலையில் இரண்டு கட்சியும் சொல்லி வைத்த கண்ணீர் அஞ்சலி பேனர் இரண்டும் தொங்கின, சாட்சிக்காக. இரண்டிலும் கட்சித் தலைவர் முகம் பெரிதாக, வேட்பாளர் முகம் நடுத்தரமாக, மூலையில் தீப்பெட்டி அளவுக்குக் குப்பம்மா.

உலகநாதன் சட்டைக் கையை மடித்தார். குப்பம்மா அவரை ஒதுக்கிவிட்டு வாக்கரை ஊன்றி இறங்கினாள். ஒரு அடி. இன்னொரு அடி. கூட்டத்துக்கு நடுவில் போனாள். கோஷம் போட்டபடியே எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். பேனருக்கு முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இந்தப் போட்டோவுல நான் நல்லா கீறேன்யா. மழைல நனையறதுக்குள்ள கழட்டி உள்ள வெய்யி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோஷம் நின்றது.

"எங்க பேனரத்தான் சொன்னாங்க," என்றான் இளங்கோ.

"எங்களுத பாத்துதான்டா சொன்னாங்க. உங்களுதுல பேரே தப்பா கீது."

"எங்கடா தப்பு?"

இரண்டு பேரும் எழுந்தார்கள். ஆளுக்கு இருபது பேர் பின்னாலேயே எழுந்தார்கள். நாகேந்திரன் நடுவில் போய், "மதிப்பிற்குரிய..." என்றார். மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு கூட்டம் மெயின் ரோடு பக்கமும் ஒரு கூட்டம் ஸ்டேஷன் பக்கமும் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. கேட்டு வாசல் காலியானது.

உலகநாதன் இரண்டு பேனரையும் கழற்றிச் சுருட்டினார். எதை வெளியே விட்டாலும் வம்பு. உள்ளே போனபோது குப்பம்மா வாக்கரில் சாய்ந்து நின்று, குழாயடியில் தோசைக் கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல தோசை ஊத்தப் போறியா?" என்றார்.

"உனக்கு மட்டும்," என்றாள்.